கைப்பிடியும் பொத்தானும்: ஜெர்மன் கார்க் கண்ணாடிகளின் வரலாறு

1980ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் மெர்சிடிஸ்-பென்ஸ் 280 இ வாங்குவதென்றால் கையில் நிறையப் பணம் இருக்க வேண்டும். ஆறு சிலிண்டர், 185 குதிரைத்திறன், வேக வரம்பில்லாத ஆட்டோபானில் மணிக்கு 200 கிலோமீட்டர் வரை போகக்கூடிய வண்டி. ஆனால் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டாவிட்டால், அதன் நான்கு கண்ணாடிகளையும் கைப்பிடியைச் சுற்றித்தான் ஏற்றி இறக்க வேண்டும். பழைய கார்ச் சந்தையில் இன்று இப்படியொரு வண்டியைக் காண்பவர்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். முதல் உரிமையாளர் கஞ்சர் என்று சிலர் நினைக்கிறார்கள். பவர் விண்டோ அப்போது பரவாத தொழில்நுட்பம் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு என்பது என் வாதம். அந்தக் கைப்பிடி ஒருவர் யோசித்து எடுத்த முடிவின் தடயம். வசதியை மொத்தமாகக் கட்டி விற்காமல், உருப்படி உருப்படியாக விலை போட்டு, வாங்குபவரையே தேர்ந்தெடுக்கச் சொன்ன ஒரு வணிக முறை அங்கே இருந்தது. அந்த முறையை அதன் உண்மையான அளவில் காட்டும் சான்றுகளில் கதவுக் கண்ணாடிக்கு நிகரானது குறைவு. ஆகவே ஒரு பழைய ஜெர்மன் காரில் இருப்பது கைப்பிடியா பொத்தானா என்பது வசதி பற்றிய கேள்வி மட்டும் இல்லை. அந்த வண்டி யாருக்காக, எந்த நாட்டுக்காக, எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதற்கான பதிலும் அதில் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கைப்பிடியே ஒரு காலத்தில் புதுமையாகவும் வசதியாகவும் இருந்தது. ஆரம்பகாலக் கார்களின் கூண்டு குதிரை வண்டிக் கூண்டின் வழி வந்தது. கண்ணாடியின் அடியில் கட்டிய தோல்வாரைப் பிடித்து மேலே இழுப்பார்கள்; வாரிலுள்ள துளையைக் கதவிலுள்ள முளையில் மாட்டி நிறுத்துவார்கள். சுற்றி ஏற்றும் அமைப்புக்கு மாற வேண்டுமானால் ஒரு சிக்கலைத் தீர்த்தாக வேண்டும்: கை சுற்றினால் கண்ணாடி நகர வேண்டும், கையை எடுத்துவிட்டால் கண்ணாடி தன் எடையாலும் சாலையின் அதிர்வாலும் தானாக இறங்கிவிடக் கூடாது. மாக்ஸ் ப்ரோஸேயும் எர்ன்ஸ்ட் யூலிங்கும் 1919இல் கோபுர்க் நகரில் தொடங்கிய உலோகத் தொழிற்சாலை, 1920களின் இரண்டாம் பாதியில், சுருள்வில் தடை பொருத்திய கண்ணாடித் தூக்கியைச் செய்யத் தொடங்கியது. உருளை வடிவக் கூட்டுக்குள் ஒரு சுருள்வில் இறுக்கமாக அமர்ந்திருக்கும். விசை கைப்பிடியின் பக்கமிருந்து வந்தால் வில் சற்றே சுருங்கிச் சுழல விடும். கண்ணாடியின் பக்கமிருந்து வந்தால் விரிந்து கூட்டின் சுவரைக் கவ்விக்கொள்ளும். இந்தத் தத்துவம் அதன்பின் பல பத்தாண்டுகள் நிலைத்தது. அதே தொழிற்சாலை நாஜி ஆட்சியில் ராணுவத்துக்காக உற்பத்தி செய்தது. கட்டாயத் தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள். ஜெர்மன் கார்த் தொழிலின் பாகங்களைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலும் கைப்பிடி எல்லாருக்கும் கிடைத்த பொருளாக இருக்கவில்லை. மெர்சிடிஸ் 300 எஸ்எல் 1954இல் வந்தபோது, மேல்நோக்கித் திறக்கும் அதன் இறக்கைக் கதவுகளில் கண்ணாடியை இறக்குவதற்கு வழியே இல்லை. காற்று வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வைக்க வேண்டும். உலகின் மிக வேகமான சாலைக் கார்களில் ஒன்றுக்கு இந்த நிலை. 1957இல் வந்த திறந்த கூரை வகையில்தான் சுற்றி இறக்கும் கண்ணாடி கிடைத்தது. போர்ஷே 1954இல் அமெரிக்கச் சந்தைக்காகக் கொண்டுவந்த 356 ஸ்பீட்ஸ்டரை 3,000 டாலருக்குள் விற்க வேண்டியிருந்தது. அதற்காக விட்டுவிட்டவற்றில் சுற்றும் கண்ணாடியும் ஒன்று. பக்கவாட்டில் கையால் மாட்டும் மறைப்புகளே இருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து அதன் இடத்தைப் பிடித்த கன்வெர்டிபிள் டி காரின் முக்கிய முன்னேற்றங்களில் ஒன்று, கதவில் ஏறி இறங்கும் உண்மையான கண்ணாடி. ஃபோக்ஸ்வாகன் வேனின் முன்கதவுகளில் 1967 வரை பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடிதான். இரண்டாம் தலைமுறையில்தான் கைப்பிடி வந்தது. இந்த மூன்று வண்டிகளும் சொல்வது ஒன்றுதான். இன்று எளிமையின் சின்னமாகத் தோன்றும் கைப்பிடி, அன்று எளிமையான வண்டிக்கும் முழுமையான வண்டிக்கும் இடையே நின்ற வேலியாக இருந்தது. எந்தப் பாகமும் தன்னளவில் ஏழையோ பணக்காரனோ இல்லை. அதற்கு மாற்றாக என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது.

மின்சாரம் ஏன் தாமதித்தது என்பதற்குப் பௌதிகம் ஒரு காரணம். அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1940லேயே தன் உயர்ரக வண்டியில் விசையால் நகரும் கண்ணாடியைக் கொடுத்துவிட்டது. ஜெர்மனியின் சாதாரணக் கார்களோ நெடுநாள் 6 வோல்ட் மின்னமைப்பில் ஓடின. 100 வாட் மோட்டார் ஒன்று 12 வோல்ட்டில் 8 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும் மின்னோட்டத்தை எடுத்தால், 6 வோல்ட்டில் ஏறக்குறைய 17 ஆம்பியர் எடுக்கும். அதற்குத் தடித்த கம்பி வேண்டும். கதவின் கீல் வழியாக வளைந்து போகும் இடத்தில் அது தொல்லை. 1960களின் தொடக்கத்தில் பீட்டில் காரின் டைனமோ தந்தது மொத்தமே 180 வாட். முகப்பு விளக்கு, துடைப்பான், பற்றவைப்பு எல்லாம் அதிலிருந்து எடுத்தது போக, இரண்டு கண்ணாடி மோட்டார்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? 12 வோல்ட்டும், டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டரும் பரவிய பிறகுதான் இந்தக் கணக்கு மாறியது. ஆக, 1960களின் நடுப்பகுதி வரை மலிவான ஜெர்மன் காரில் கைப்பிடி இருந்ததற்குத் தொழில்நுட்ப வரம்பு என்ற விளக்கம் பொருந்தும். அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளுக்கு அது பொருந்தாது.

விலையைப் பற்றிக் கவலை இல்லாத இடத்தில் ஜெர்மன் பொறியாளர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு 1963ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஆண்டில் ப்ரோஸே நிறுவனம் பெர்டோனே உடலமைத்த பிஎம்டபிள்யூ 3200 சிஎஸ் காருக்கு மின் கண்ணாடித் தூக்கியைத் தொடர் உற்பத்தியில் வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வெளிவந்த மெர்சிடிஸ் 600, மின் மோட்டாரையே ஒதுக்கிவிட்டது. அதன் கண்ணாடிகள், இருக்கைகள், கூரைத் திறப்பு, பின்பெட்டி மூடி எல்லாவற்றையும் சுமார் 150 பார் அழுத்தத்தில் எண்ணெய் நகர்த்தியது. எஞ்சின் சுழற்றும் பம்ப் அந்த அழுத்தத்தை உண்டாக்கும். சேமிப்புக் கலம் ஒன்று அதைத் தேக்கி வைக்கும். எஞ்சின் நின்ற பிறகும் கண்ணாடி நகரும். கதவிலுள்ள சுவிட்ச் வெறும் மின் தொடர்பாக இல்லாமல் ஒரு வால்வாகவே இருந்ததால், எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகத்தில் கண்ணாடி ஏறியது. மோட்டாரின் முனகல் துளியும் இல்லை. ஆனால் கதவுக்குள் இருப்பது விரலை நசுக்கிவிடக்கூடிய விசை. ஒவ்வொரு இணைப்பும் காலப்போக்கில் கசியக்கூடியது. பழுது பார்க்கத் தெரிந்தவர் சிலரே. 1981 வரை 2,677 வண்டிகளே செய்யப்பட்டன. இந்தக் கார் நமக்குச் சொல்வது முக்கியமானது. கைப்பிடியைத் தாண்டிப் போகும் அறிவு அந்நாட்டில் 1963லேயே நிறைந்திருந்தது. அதற்குப் பிறகும் கைப்பிடி நீடித்ததென்றால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

அந்தக் காரணம் விற்பனையகத்தின் மேசையில், கூடுதல் வசதிகளின் பட்டியலில் இருந்தது. 1976 முதல் 1986 வரை சுமார் 27 லட்சம் எண்ணிக்கையில் வெளிவந்த மெர்சிடிஸ் டபிள்யூ123 தொடரை எடுத்துக்கொள்வோம். இந்தத் தொடரில் பவர் விண்டோ மட்டும் கூடுதல் செலவு என்று நினைக்க வேண்டாம். ரேடியோ தனி, சென்ட்ரல் லாக்கிங் தனி, ஏசி தனி. பெரும்பாலான வகைகளில் வலப்பக்க வெளிக்கண்ணாடிகூடத் தனி. நான்கு சிலிண்டர் வகைகளில் பவர் ஸ்டீயரிங் எல்லாருக்கும் கிடைத்தது 1982இல்தான். ஒவ்வொரு உருப்படிக்கும் ஓர் எண் உண்டு. முன்பக்கம் இரண்டு பவர் விண்டோவுக்கு 583, நான்குக்கும் 584. இந்த எண்கள் வண்டியுடன் வரும் தரவு அட்டையில் பதிவாயின. ஆகவே முன்னே பொத்தான், பின்னே கைப்பிடி என்ற கலப்பு வண்டிகளும் வந்தன. தானே ஓட்டுபவர் தனக்கு எட்டும் இடத்துக்கு மட்டும் பணம் கட்டினார். சுவிட்சுகள் கதவில் இல்லாமல் கியர் கம்பைச் சுற்றிய நடுப்பலகையில் இருந்ததால், அந்தப் பலகையைப் பார்த்தாலே வாங்கியவரின் தேர்வு தெரிந்துவிடும். இன்னும் மேலே போனாலும் நிலைமை இதுதான். அமைச்சர்களும் ஆலை முதலாளிகளும் ஏறிய எஸ் வகுப்பில், 1972இல் வந்த டபிள்யூ116 தலைமுறையின் 280 எஸ், 1979இல் வந்த டபிள்யூ126 தலைமுறையின் ஆறு சிலிண்டர் வகைகள் ஆகியவற்றை ஐரோப்பாவில் கைப்பிடிக் கண்ணாடியுடன் வாங்க முடிந்தது. அதே டபிள்யூ116 குடும்பத்தின் உச்சியில் இருந்த 450 எஸ்இஎல் 6.9 காரில் பவர் விண்டோ கேட்காமலேயே வந்தது. ஒரே குடும்பம். வித்தியாசம் ஆர்டர் தாளில்.

இந்தப் பட்டியல் முறையைப் பற்றி ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானதுதான். அடிப்படை விலையைக் குறைவாகக் காட்டி, வேண்டியதையெல்லாம் பிய்த்துத் தனித்தனியே விற்று லாபம் பார்த்த தந்திரம் இது. இதற்குப் பண்பாடு, தேர்வு என்று பெயர் சூட்டுவது நிறுவனத்துக்குப் பரிந்து பேசுவதாகும் என்பார்கள். லாபம் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தந்திரம் மட்டுமே என்றால், பணம் உள்ள எல்லாரும் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக நிரப்பியிருக்க வேண்டும். பிழைத்து வந்திருக்கும் வண்டிகள் அப்படிக் காட்டவில்லை. கூரைத் திறப்புக்குப் பணம் கட்டியவர் கண்ணாடிக்குக் கட்டவில்லை. பெரிய எஞ்சினுக்குக் கட்டியவர் கைப்பிடியை வைத்துக்கொண்டார். ஜெர்மனியில் பல காலம் ஏசியைவிடக் கூரைத் திறப்பே விரும்பப்பட்டது. வேகமாகப் போகும்போது பக்கக் கண்ணாடியை இறக்கினால் உள்ளே பேச முடியாத இரைச்சல். கூரை வழியே வரும் காற்று அப்படி இல்லை. பிஎம்டபிள்யூ 3 தொடர், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற கார்களில் அந்தக் கூரைத் திறப்பையும் கைப்பிடியால்தான் சுற்றினார்கள். ஆகவே வாங்கியவர்கள் மின்சாரத்துக்காகப் பணம் கட்டவில்லை, தங்கள் சாலைக்கும் வானிலைக்கும் பயன்படும் காரியத்துக்காகக் கட்டினார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

சந்தை மாறியபோது இதே வண்டிகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் இந்த விளக்கம் மேலும் உறுதியாகிறது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய டபிள்யூ123 கார்களில் 300 டி வகைக்குப் பவர் விண்டோ இயல்பாகவே போனது. சிக்கனத்துக்காக வாங்கப்பட்ட 240 டி வகைக்குக் கைப்பிடி. சிண்டல்ஃபிங்கனில் ஒரே ஆலையிலிருந்து புறப்பட்ட கார்கள், இறங்கும் துறைமுகத்தைப் பொறுத்து வேறு வேறு கதவுகளோடு போயின. உள்நாட்டிலோ இதன் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் டாக்ஸிக்காரர்கள் உண்டு. வெளிர் தந்த நிறம் பூசிய டீசல் டபிள்யூ123, மேற்கு ஜெர்மன் நகரங்களின் அன்றாடக் காட்சி. நாள் முழுவதும் ஓடி, லட்சக்கணக்கான கிலோமீட்டரைக் கடக்க வேண்டிய வண்டி அது. ஓட்டுநருக்கு அது தொழிற்கருவி. பழுதாகி நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. கதவுக்குள் மோட்டாரும் கம்பியும் சுவிட்சும் இல்லாமலிருந்தால் பழுதாவதற்கு அவ்வளவு பாகங்கள் குறைவு என்று அவர் போட்ட கணக்கில் கஞ்சத்தனம் எங்கே இருக்கிறது?

இங்கே சுவரின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு பற்றிய இந்த வாதம் முழுமை பெறாது. கிழக்கு ஜெர்மனியில் ஸ்விக்காவ் நகரில் செய்யப்பட்ட டிராபான்ட் 601, 1964 முதல் ஆட்சி வீழும் வரை ஏறக்குறைய அதே உருவில் வந்துகொண்டிருந்தது. அதன் கதவுகளிலும் கைப்பிடிதான். ஆனால் அதை வாங்கியவர் பட்டியலைப் பார்த்து எதையும் மறுக்கவில்லை. பதிவு செய்துவிட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கைப்பிடிகளும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒன்றில் வாங்குபவரின் மனம் இருக்கிறது. மற்றொன்றில் திட்டக் குழுவின் ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு பாகத்தை மட்டும் தனியே எடுத்து வைத்து அதன் காலத்தையும் தரத்தையும் தீர்மானிப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

1970களில் கைப்பிடிக்கு மூன்றாவதாக ஒரு பொருள் சேர்ந்தது: எடை குறைப்பு. பந்தயத்தில் அனுமதி பெறச் சாலை வடிவம் ஒன்றை விற்றாக வேண்டும் என்ற விதிக்காகப் பிஎம்டபிள்யூ 1971இல் 3.0 சிஎஸ்எல் காரைக் கொண்டுவந்தது. அதன் தாய் வடிவமான சொகுசு கூப்பேயில் பவர் விண்டோ இருந்தது. சிஎஸ்எல் வடிவத்தில் மெல்லிய தகடு, அலுமினியக் கதவு ஆகியவற்றோடு கைப்பிடியும் வந்தது. போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 இதே பாதையில் 1973 மாதிரியாக வெளிவந்தது. எம்471 என்ற எண்ணுள்ள இலகு வகை 960 கிலோ; எம்472 என்ற வசதி வகை 1,075 கிலோ. 1987இல் தொடங்கி 340 மட்டுமே செய்யப்பட்ட 911 கிளப்ஸ்போர்ட், 1990களின் 964, 993 தலைமுறை ஆர்எஸ் வகைகள், 968 கிளப்ஸ்போர்ட் ஆகியவை எல்லாம் பொத்தானை எடுத்துவிட்டுக் கைப்பிடியைத் திரும்பக் கொண்டுவந்தன. சாதாரண காரில் பணம் கட்டாததால் இருந்த பாகம், இங்கே பணம் கட்டியதால் இருந்தது.

இது வெறும் வேடம் என்று ஒருவர் சொல்லலாம். இரண்டு கதவுகளிலிருந்து மோட்டாரை எடுத்தால் மிச்சமாவது சில கிலோதான். ஆர்எஸ் வகைகளின் 115 கிலோ வித்தியாசத்தில் இருக்கை, தரைவிரிப்பு, ஒலித்தடுப்புப் பூச்சு, மெல்லிய கண்ணாடி போன்றவற்றின் பங்கே பெரிது. இந்தக் கணக்கு சரி. ஆனால் எடை குறைப்பு என்பது எங்குமே ஒரே வெட்டில் நடப்பதில்லை. சில கிலோக்களாகத்தான் சேர்கிறது. மோட்டார் போனால் அதற்கான கம்பிகளும் போகின்றன. மேலும், வாங்குபவர்கள் இதைச் சடங்காக எடுத்துக்கொள்ளாமல் எதிர்த்ததும் உண்டு. பிரிட்டனுக்குப் போன 500 வலக்கை ஓட்டு சிஎஸ்எல் கார்களில், அங்கிருந்த இறக்குமதியாளர் நகர வசதித் தொகுப்பு ஒன்றைச் சேர்க்கச் செய்ததால் பவர் விண்டோ திரும்ப வந்தது. குறைத்த எடையின் ஒரு பகுதியும் அதோடு திரும்ப வந்தது. பந்தய விதிக்காகப் பிறந்த கார், நகர வீதியில் ஓட்டுபவருக்காகத் தன் தர்க்கத்தையே பாதி விட்டுக்கொடுத்தது. இன்று அந்த 500 கார்களில் ஒன்றை வாங்கிப் பவர் விண்டோவைக் கழற்றி எறிந்து, உண்மையான சிஎஸ்எல் ஆக்கிவிட்டேன் என்பவர், அந்தக் காரின் சொந்த வரலாற்றையே கழற்றி எறிகிறார்.

பாதுகாப்பைப் பற்றிய வாதத்தை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்துவதுண்டு. பவர் விண்டோவில் குழந்தைகளின் கையும் கழுத்தும் சிக்கிய விபத்துகள் உண்மையானவை. அதனால்தான் அமெரிக்கா 1971இல் நடைமுறைக்கு வந்த தன் 118ஆம் எண் பாதுகாப்பு விதியில், சாவி திருகப்படாத நிலையில் கண்ணாடி பொதுவாக நகரக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. பிற்காலத்து ஐரோப்பிய விதி, தானாக மூடும் கண்ணாடி ஏதேனும் தடையைச் சந்தித்தால் 100 நியூட்டன் விசையைத் தாண்டுவதற்கு முன் பின்வாங்க வேண்டும் என்கிறது. 1960, 70களின் கார்களில் இப்படி உணரும் அறிவு கிடையாது. தடை என்னவென்று தெரியாமலே மோட்டார் தள்ளும். கைப்பிடியில் தடையை முதலில் உணர்வது மனிதக் கை. அதே சமயம், ஓட்டுநரால் எட்டி இறக்க முடியாத எதிர்ப்பக்கக் கண்ணாடியும், அதற்காக ஓடும் வண்டியில் சாய்ந்து கை நீட்டுவதும் ஆபத்துதான் என்பதைக் கைப்பிடியின் ஆதரவாளர்கள் சொல்வதில்லை. தேய்மானத்திலும் இப்படியே. பழைய கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளம் காய்ந்து இறுகினால் இரண்டு அமைப்புகளுக்கும் கேடு. கைப்பிடி கனப்பதன் மூலம் அதை முன்கூட்டியே சொல்லிவிடும். மோட்டார் மெதுவாகி, சூடேறி, ஃபியூஸ் போன பிறகு சொல்லும். வேறுபாடு இவ்வளவே. ஒன்று எப்போதும் நம்பகமானது, மற்றொன்று எப்போதும் தொல்லை என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

பிறகு கைப்பிடி ஏன் மறைந்தது? மக்கள் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்பது விளக்கமாகாது. 1993இல் வந்த மெர்சிடிஸ் சி வகுப்பின் சி 180 காரில்கூடக் கைப்பிடி இருந்தது. அதாவது ஜெர்மனி ஒன்றான பிறகும் பழைய முறை உயிரோடு இருந்தது. அதை முடித்துவைத்தது தொழிற்சாலையின் கணக்கு. இரண்டு விதக் கதவு, இரண்டு விதக் கதவுப் பலகை, இரண்டு விதக் கம்பிக் கட்டு என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றையும் தனியே வடிவமைத்து, சோதித்து, கிடங்கில் அடுக்க வேண்டும். மோட்டாரின் விலை இறங்க இறங்க, எல்லாருக்கும் ஒரே கதவைப் போடுவது மலிவாயிற்று. சென்ட்ரல் லாக்கிங், மின்சாரத்தில் நகரும் வெளிக்கண்ணாடி, கதவில் ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் கம்பி எப்படியும் கதவுக்குள் போக வேண்டியதாயிற்று. அதோடு கண்ணாடிக்கும் சேர்த்து இழுப்பதில் பெரிய செலவில்லை. வசதி பொதுவானது நல்லதே. ஆனால் அதோடு ஒரு முறையும் முடிந்தது: வாங்குபவர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடம் சுருங்கியது. தனித்தனி உருப்படிகள் தொகுப்புகளாயின. தொகுப்பை மொத்தமாக எடுக்கலாம், அல்லது விட்டுவிடலாம்.

இந்த வரலாறு இன்றைய நடைமுறைக்குப் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. டபிள்யூ123, டபிள்யூ126 போன்ற கார்களைச் செப்பனிடுபவர்கள் பலர், கைப்பிடியைக் குறையாக எண்ணி, பழைய உதிரிகளிலிருந்து எடுத்த மோட்டார்களைப் பொருத்துகிறார்கள். அதற்காகக் கதவுப் பலகை மாறுகிறது, நடுப்பலகையில் துளை விழுகிறது, கம்பிக் கட்டு வெட்டப்படுகிறது. தரவு அட்டை ஒன்று சொல்கிறது, வண்டி வேறொன்று சொல்கிறது. ஜெர்மனி 1997இல் கொண்டுவந்த எச் எழுத்து எண் பலகை, குறைந்தது 30 ஆண்டு வயதும் அசல் நிலைக்கு நெருக்கமும் உள்ள வண்டிகளைப் பண்பாட்டுச் சொத்தாக ஏற்கிறது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், புதுப்பிப்பதைவிடப் பாதுகாப்பதற்கு முன்னுரிமை தருகிறது. இந்த நெறியின்படி கைப்பிடியும் பாதுகாக்க வேண்டிய பொருள்தான். அந்தச் சாசனத்தையே காட்டி ஒருவர் மறுக்கலாம்: வண்டி தன் வாழ்நாளில் அடைந்த மாற்றங்களும் அதன் வரலாறு என்று அது சொல்கிறதே? ஆம். 1983இல் ஒரு விற்பனையகம் உரிமையாளரின் வேண்டுகோளில் பொருத்திய பவர் விண்டோ அந்தக் காரின் வாழ்க்கையின் பகுதி. அதைக் கழற்றக் கூடாது. இன்று விலையை ஏற்றுவதற்காகச் செய்யும் மாற்றம் அந்தக் காரின் வாழ்க்கையிலிருந்து வருவதில்லை, சந்தையின் தற்போதைய ரசனையிலிருந்து வருகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. தோளோ மணிக்கட்டோ ஒத்துழைக்காத ஒருவருக்குக் கைப்பிடி ஒரு தடை; பழைய கார் ஓட்டும் மகிழ்ச்சி உடல் வலுவுள்ளவர்களுக்கு மட்டும் உரியதா? இல்லை. மனிதரின் தேவை பாகத்தின் அசல் தன்மைக்கு முந்தியது. அப்படிப்பட்டவர் மோட்டார் பொருத்தட்டும். கம்பியை வெட்டாமல், அசல் பலகைகளைப் பத்திரப்படுத்தி, பிற்காலத்தில் பழையபடி மாற்ற முடியும் வகையில் பொருத்தட்டும். அதுவும் ஒரு தேவைக்காக எடுத்த முடிவு. இந்தக் கார்கள் எந்த முறையில் பிறந்தனவோ அதற்கு நெருக்கமானது. நான் எதிர்ப்பது தேவை எதுவும் இல்லாமல், உயர்ந்த வசதி எல்லாம் நிரம்பிய வண்டியே முழுமையான வண்டி என்ற ஒற்றை அளவுகோலால் எல்லாவற்றையும் சமப்படுத்துவதை. அந்த அளவுகோல் டாக்ஸிக்காரரின் டீசலையும், பந்தய விதிக்காகப் பிறந்த கூப்பேயையும், 280 இ வாங்கி எஞ்சினுக்கு மட்டும் செலவழித்தவரின் காரையும் ஒரே மாதிரிக் குறையுள்ளவையாகக் காட்டுகிறது. மூன்றும் மூன்று விதமான யோசனையின் விளைவு என்பதை மறைத்துவிடுகிறது. பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்குபவர், அதில் என்னென்ன இல்லை என்று கணக்கெடுக்கும் முன் அதன் தரவு அட்டையைப் படிக்க வேண்டும். 583ஓ 584ஓ அதில் இல்லாவிட்டால், நிரப்ப வேண்டிய வெற்றிடம் அது என்று எண்ண வேண்டாம். முதல் உரிமையாளர் பட்டியலைப் பார்த்து, தனக்கு வேண்டாததை வேண்டாம் என்று சொன்ன பதிவு அது. கைப்பிடியை அப்படியே விட்டு வைப்பது அந்தப் பதிவுக்கு நாம் தரும் மரியாதை.